பெட்டியை எப்போது பிரிப்பது? மட்டக்களப்புக்கு வீடு மாறி வருகிறவர்களுக்கு

அக்காவின் மகள் திருக்கோவிலிலிருந்து கல்லடிக்கு வீடு மாறுகிறாள். வேலை மட்டக்களப்பில் கிடைத்திருக்கிறது, கணவர் கத்தாரில், மகனுக்கு நான்கு வயது. வாடகை வீடு பேசி, முற்பணமும் கொடுத்தாயிற்று. செப்டெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுகிறார்கள். போன கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "சின்னம்மா, வந்திறங்கின உடனே எல்லாத்தையும் அடுக்கி முடிக்கிறதா, இல்லாட்டி மெல்ல மெல்லச் செய்யிறதா? அம்மா ஒண்டு சொல்றா, மாமி வேறொண்டு சொல்றா."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். மகளுக்குக் கல்யாணமானதும் தாய் தகப்பன் அதே வளவில் பின்பக்கமாக ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். எங்கள் அம்மம்மாவுக்குச் சாமான் கட்டுவது என்றால் என்னவென்றே தெரியாது. பிறந்த வளவிலேயே பாட்டியானவர். பிறகு யுத்தம், சுனாமி, இடமாற்றம் என்று ஒவ்வொன்றாக வந்துதான் எங்கள் தலைமுறை லொறியில் ஏறப் பழகியது. நான் கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து வீடு மாறியவள். மகள் கேட்ட எல்லா வழியையும் ஒவ்வொரு தடவை செய்து பார்த்து, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றைப் பறிகொடுத்தும் இருக்கிறேன். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரே மூச்சில் முடிப்பது

இது அக்காவின் கட்சி. சனிக்கிழமை காலையில் சாமான் வந்திறங்கும். மச்சான்மார் கட்டிலைப் பூட்டுவார்கள், மச்சாள்மார் குசினிக்குள் இறங்குவார்கள், யாரோ ஒருவர் வளவில் கல் வைத்து எல்லோருக்கும் சோறாக்குவார். ஞாயிறு பின்னேரம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெறும் பெட்டிகளைப் பின்பக்கம் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கூலி இல்லை, லீவு மிச்சம். சின்னப் பிள்ளைக்குத் தன் தலையணையும் விளையாட்டுச் சாமானும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால் புது வீட்டில் இரவு கொஞ்சம் லேசாகக் கழியும். அதோடு, சொந்தக்காரர் வந்து உதவி செய்யும் நாள் ஒன்றுதான் இருக்கும். இரண்டாம் கிழமை கூப்பிட்டால் வயல் வேலை, கோயில் திருவிழா என்று ஏதாவது வந்துவிடும்.

தாண்டவன்வெளியில் ஒரு வாடகை வீட்டுக்கு ஜூலை மாதத்தில் இப்படித்தான் போனோம். மச்சாள் அடுக்கிய குசினியில் உப்புப் போத்தலை மூன்று நாள் தேடினேன். அது அரிசி வாளிக்குள் இருந்தது. ஏன் என்று இன்றுவரைக்கும் அவவிடம் கேட்கவில்லை. அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய நட்டம். சிரிக்க முடியாதது நவம்பரில் வந்தது. பெரிய அறையில் கிழக்குப் பக்கச் சுவரோடு பலகை அலுமாரியை வைத்திருந்தோம். ஜூலையில் அந்தச் சுவர் சுண்ணாம்பு அடித்த மாதிரிக் காய்ந்து கிடந்தது; யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாடைக்காற்றோடு மழை பிடித்து ஒரு கிழமை விடாமல் பெய்தபோது அந்தச் சுவர் பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சியது. அலுமாரியின் முதுகுப் பலகை ஊதிப்போயிற்று. கீழ்த்தட்டில் இருந்த சான்றிதழ்க் கோப்பில் பூஞ்சணம் பிடித்து, என் கணவரின் பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழில் மை பரவிவிட்டது. அதற்குப் பிரதி எடுக்க அவர் அலைந்த அலைச்சலில் புதிதாக ஒரு அலுமாரியே செய்திருக்கலாம்.

அவசரப்பட்டதைக்கூட நான் பெரிய பிழை என்று சொல்லமாட்டேன். அவசரப்பட்டு அடுக்கிய சாமானை மறுபடி நகர்த்த யாருக்கும் மனம் வருவதில்லை. வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்துவிடுகிறது. எங்களுக்கும் அதுதான் நடந்தது.

அறை அறையாக

இது மகளின் மாமியாரின் கட்சி. முதலில் குசினி, அடுத்தது படுக்கிற அறை, பிறகு மற்றதெல்லாம். மிச்சப் பெட்டிகளை ஒரு அறைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்திவிடுவது. ஆறுதலாக, கை ஓய்ந்த நேரத்தில், உங்கள் கையாலேயே பிரிப்பது.

என் கணவருக்கு அம்பாறை நகரத்துக்கு மாற்றம் கிடைத்தபோது குவாட்டர்ஸில் இப்படிச் செய்தேன். (1961 வரைக்கும் அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது என்றாலும், கரையோரத்தில் வளர்ந்த எனக்கு அது வேறு நாடு மாதிரித்தான் பட்டது. கடல் காற்று இல்லாத வெயில் எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் கண்டேன்.) குசினி இரண்டு நாளில் முடிந்தது. எந்தப் போத்தல் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் கை போகும். படுக்கை அறை அந்தக் கிழமையே முடிந்தது. அதற்குப் பிறகுதான் சிக்கல். மூன்றாம் கிழமைக்கு மேல் பிரிக்காத பெட்டி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதன் மேல் துவைத்த துணியை மடித்து வைப்போம், பிறகு பிள்ளையின் புத்தகத்தை வைப்போம், அது மேசையாகிவிடும். நான் சாத்திய அறைக்கதவை ஒன்றரை மாதத்துக்குப் பிறகுதான் வடிவாகத் திறந்தேன். சீமெந்துத் தரையில் வெடிப்பு ஒன்றின் வழியாகக் கறையான் ஏறி, அட்டைப்பெட்டிகள் இரண்டின் அடிப்பக்கமே இல்லை. கல்யாண அல்பத்தில் பாதி மண்.

ஆகவே இந்த வழியை எடுக்கிறவர்கள் அட்டைப்பெட்டியைத் தரையில் வைக்கவே கூடாது. நான்கு கல்லையும் ஒரு பலகையையும் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வயற்காரர் வீடுகளில் கழுவிக் காயவைத்த உரபேக் (உரம் வருகிற பிளாஸ்டிக் சாக்கு) கிடைக்கும். பாத்திரம், பிளாஸ்டிக் சாமான், பிள்ளையின் விளையாட்டுச் சாமானுக்கு அதை அடிக்க வேறொன்றில்லை. கறையான் தொடாது, இரண்டு பேர் பிடித்துத் தூக்கினாலும் கிழியாது. துணியையும் புத்தகத்தையும் மட்டும் அதற்குள் போட்டு மறந்துவிடக்கூடாது. மாரியில் உள்ளுக்குள் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அறை அறையாகச் செய்வதற்கு ஒரு நாள் கணக்கும் வேண்டும். "முடிஞ்ச நேரம்" என்று விட்டால் அது முடியாது. என்னிடம் கேட்டால் ஒரு மாதம். அந்த மாதத்தில் திறக்காத பெட்டிக்குள் இருப்பது உங்களுக்குத் தேவையில்லாத சாமான் என்று எடுத்துக்கொள்ளலாம், சான்றிதழையும் நகையையும் தவிர.

பார்த்துக்கொண்டு இருப்பது

மூன்றாவது வழியை யாரும் வழி என்று சொல்வதில்லை, சோம்பல் என்பார்கள். பாய், தலையணை, நுளம்பு வலை, ஒரு அடுப்பு, நாலு கோப்பை, மாற்று உடுப்பு. இவ்வளவோடு வீட்டுக்குள் இருந்துகொண்டு, வீடு என்ன சொல்கிறது என்று பார்ப்பது. பெரிய சாமான்களை ஹோலின் நடுவில், சுவரில் படாமல் குவித்து, துணி போட்டு மூடிவிடுவது.

கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட இருந்த வீட்டில் ஐந்து மாதம் அப்படி இருந்தோம். விரும்பி இல்லை, கணவருக்குச் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியும் வீடுமாக ஓடித்திரிந்ததில் அடுக்க நேரம் கிடைக்கவில்லை. ஆனால் நான் மாறிய ஐந்து வீட்டில் கடைசியில் வடிவாக அமைந்தது அதுதான். ஆவணி மாதத்தில் கச்சான் காற்று மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கும்போது மேற்குப் பக்க அறையில் பின்னேரம் மூச்சு முட்டியது. அதைப் படுக்கை அறையாக்கும் எண்ணத்தை அப்போதே விட்டோம். மழை தொடங்கியதும் கடல் பக்க யன்னல் இரண்டிலும் சாரல் உள்ளே ஓரடிக்கு வந்தது, அங்கே மேசை வைக்கக்கூடாது என்று தெரிந்தது. எந்தப் பிளக்கில் கரண்ட் இல்லை, எந்த மூலையில் கூரை ஒழுகும், பின்வீட்டு அடுப்புப் புகை எந்த யன்னலால் வரும், கோயில் ஒலிபெருக்கி எந்த அறைக்கு நேரே திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கியது. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம், திருவிழாக் காலத்தில் தெரியும்.

இதற்கும் விலை உண்டு. வந்து பார்க்கிற சனம் "என்னகா, இன்னும் வீடு ஸ்டேசன் மாதிரிக் கிடக்கு?" என்று கேட்கும். பிள்ளை பாடம் படிக்க இடம் இருக்காது. வேலை முடிந்து களைத்து வருகிறவளுக்குக் குவியலைப் பார்த்தாலே தலையிடிக்கும். மனம் சரியில்லாத காலத்தில் இந்த வழியை யாருக்கும் சொல்லமாட்டேன். பிரிக்காத சாமானுக்கு நடுவில் இருப்பது இன்னும் சோர்வைத்தான் கூட்டும்.

எந்த மாதம் வருகிறீர்கள்?

அக்காவும் மாமியாரும் சண்டை பிடிப்பது எவ்வளவு வேகமாக அடுக்குவது என்பதைப் பற்றி. நான் மகளிடம் கேட்டது வேறு: "எந்த மாதம் வாறாய்?"

எங்கள் கரைக்கு இரண்டு முகம். வருடத்து மழையில் பெரும் பங்கு நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து கொட்டும். ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரைக்கும் கச்சான். கச்சானில் பார்த்த வீட்டுக்கு மாரி முகம் தெரியாது. மாரியில் பார்த்த வீட்டுக்கு வெயில் முகம் தெரியாது, ஆனால் வெயிலால் அலுமாரி ஊதாது. ஆகவே முக்கியமாக அறியவேண்டியது மழை முகத்தைத்தான்.

ஜனவரி முதலாம் திகதியில் ஆசிரியர் இடமாற்றங்கள் நடைமுறைக்கு வரும். அந்த நேரம் மழைக்குள் சாமான் ஏற்றி வருகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். உண்மையில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வீடு எல்லாக் குறையையும் முதல் நாளே காட்டிவிடும். எந்தச் சுவர் ஈரம், ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, மலசலகூடக் குழி நிரம்புகிறதா என்பதை நேரே பார்த்துக்கொண்டு, அந்தக் கிழமையே எல்லாவற்றையும் அடுக்கி முடிக்கலாம். ஜனவரியில் வருகிறவர்களுக்கு அக்கா சொல்கிற வழிதான் சரி.

பெப்ரவரி, மார்ச் தொடக்கம் ஜூலை வரைக்கும் வருகிறவர்கள் அடுத்த மழை வரைக்கும் காத்திருக்க முடியாது. ஆறேழு மாதம் பாயில் படுக்க யாருக்கும் ஏலாது. அவர்களுக்கு அறை அறையாகச் செய்வது பொருந்தும். ஆனால் அடுக்குவதற்கு முன் பக்கத்து வீட்டில் போய் இரண்டு கேள்வி கேட்கவேண்டும்: "தண்ணி எதுமட்டும் வாறது?", "எந்தப் பக்கச் சாரல்?" வீட்டுக்காரரிடம் கேட்டால் "இஞ்ச தண்ணியே வாறல்ல" என்பார். 2011 ஜனவரி வெள்ளத்தையோ 2024 நவம்பர் வெள்ளத்தையோ அந்த ஒழுங்கையில் இருந்து பார்த்தவர்கள் சுவரில் கை வைத்து உயரத்தைக் காட்டுவார்கள். மழை கடுக்கும்போது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மூடிய ஆற்றுவாயை வெட்டிவிட்டால்தான் வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்கும். அதுவரைக்கும் பள்ளமான ஒழுங்கைகளில் நிற்கும் தண்ணீர் நின்றபடிதான். மதிலின் அடியில் பழுப்புக் கோடு ஒன்று ஒரே உயரத்தில் ஓடினால் கேட்கவே தேவையில்லை. புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் பின்பக்க மதிலைப் பாருங்கள். அதற்கு யாரும் பெயின்ற் அடிப்பதில்லை.

மகள் வருவது செப்டெம்பர் கடைசியில். பெருமழைக்கு ஐந்தாறு கிழமைதான் இருக்கிறது. இந்த இடைவெளியில் வருகிறவர்கள் காத்திருந்தால் கிடைக்கும் பயன் மிகக் கூட, காத்திருக்க வேண்டிய நாளோ மிகக் குறைவு. ஆகவே அவளுக்கு நான் சொன்னது முதலாவதும் மூன்றாவதும் கலந்த ஒன்று. குசினியையும் படுக்கையையும் வந்த அன்றே முடி. ஆனால் முதல் பெருமழை பெய்து விடுகிற வரைக்கும் சுவரோடு சேர்த்து எதையும் வைக்காதே, ஆணி அடிக்காதே, பலகை அலுமாரி வாங்காதே.

வெறும் வீட்டில் வேலையை முடித்துவிட்டு வருவது

காசு கொஞ்சம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சாமான் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே சாவியை வாங்கி, வெறும் வீட்டில் யன்னலுக்கு வலை அடித்து, பைப்பை மாற்றி, பீலியைத் துப்புரவாக்கி, தண்ணீர்த் தாங்கியைக் கழுவி, வயரிங்கைப் பார்த்துவிட்டு வருவது. அரை மாத வாடகை வீணாகப் போகும் என்று தோன்றும். சாமான் நிறைந்த வீட்டில் கட்டிலை இழுத்து, துணியை மூடி, தூசியைத் துடைத்து அதே வேலையைச் செய்யும்போது கூலி எப்படியும் கூடும்; வேலை செய்ய வருகிற பாஸ் இரண்டு நாளில் முடிப்பதை ஐந்து நாள் இழுப்பார். நான் இதை ஒரே ஒரு தடவைதான் செய்தேன், இப்போது இருக்கிற வீட்டில். வருத்தப்படவில்லை.

ஒரு விடயம்: வாடகை வீட்டில் இந்த வேலைக்கான செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே பேசி, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளவேண்டும். முந்தி ஒரு வீட்டில் வாயால் பேசி நான் அடித்த வலை, வீட்டை விட்டுப் போகும்போது வீட்டுக்காரரின் வலையாகிவிட்டது.

காத்திருக்க முடியாதவை

எந்த வழியை எடுத்தாலும் தண்ணீர் முதல் நாள் விடயம். கல்லடி, நாவற்குடா பக்கமெல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல். கிணற்றில் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்கும், இனிக்கவும் செய்யும். அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் மெல்லிய படை. வெயில் காலத்தில் மோட்டரைப் போட்டு நெடுக இழுத்தால் உவர் ஏறிவிடும். மணல் வடிகட்டும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வளவின் மலசலகூடக் குழியையும் மறந்துவிடுகிறோம். நெருக்கமான ஒழுங்கைகளில் கிணற்றுக்கும் குழிக்கும் நடுவில் 50 அடி இருக்கவேண்டும் என்றால் பாதி வீடுகளில் ஏதாவது ஒன்றை மூடவேண்டிவரும். மழை பிடித்து நிலத்தடித் தண்ணீர் மேலே வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வருவது. குடிக்கவும் சமைக்கவும் அதுதான் என் தெரிவு. குளோரின் மணத்தை வெறுக்கிறவர்கள் ஒரு குடத்தில் பிடித்துத் துணியால் மூடி ஒரு இரவு வைத்தால் போதும். கடையில் வாங்கும் கான் தண்ணீர் முதல் கிழமைக்கு வசதிதான், நெடுக வாங்கினால் மாதக் கணக்கு ஏறும். கானை உள்ளே கழுவி நிரப்புகிறார்களா என்று பார்க்கவும் எங்களுக்கு வழியில்லை. கிணற்றைக் கைவிடச் சொல்லவில்லை. குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற அது இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் வெட்டு வரும் நாளில் அதுதான் கைகொடுக்கும். வெள்ளம் மேவிய கிணற்றை மட்டும் இறைத்துக் குளோரின் போடாமல் தொடக்கூடாது.

அடுத்தது நுளம்பு. மழையோடு டெங்கும் வரும் ஊர் இது. டிசம்பருக்குப் பிறகு ஆஸ்பத்திரி விறாந்தையில் போய்ப் பார்த்தால் தெரியும். கட்டிலுக்கு மேல் வலை கட்டுவது மலிவு, முதல் இரவே கட்டிவிடலாம். ஆனால் டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும்தான் கூட. நாலு வயதுப் பையன் அந்த நேரம் வலைக்குள் இருப்பானா? யன்னலுக்கு வலைக்கம்பி அடிப்பதுதான் சரியான வேலை, செலவு கூட. இரண்டுக்கும் நடுவில் நின்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு என் பதில்: முழு வீட்டுக்கும் அடிக்க வேண்டாம். பிள்ளை பகலில் இருக்கும் ஒரு அறைக்கும் குசினிக்கும் அடியுங்கள், கட்டிலுக்கு வலை கட்டுங்கள். நுளம்புத் திரியைப் பூட்டிய அறைக்குள் விடிய விடிய எரிப்பது எனக்கு இழுப்பை வரவைத்ததே தவிர நுளம்பைத் துரத்தவில்லை. கடல் உப்புக்காற்று இரும்புக் கம்பி வலையை இரண்டு வருடத்தில் தின்றுவிடும் என்பதால் நைலோன் அல்லது அலுமினிய வலையை வாங்குவது நல்லது.

பெட்டியை உடனே பிரிப்பதா பொறுப்பதா என்ற கேள்விக்கும் நுளம்புக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. உள்ளே வைத்த பெட்டியால் பாதகமில்லை. பிரித்து முடித்த வெறும் பெட்டி, பொலித்தீன், ரெஜிபோம், உடைந்த கோப்பை எல்லாவற்றையும் "பிறகு பார்ப்போம்" என்று பின்வளவில் போடுகிறோமே, அதில் முதல் மழைத் தண்ணீர் நிற்கும். சிரட்டை, கோம்பையும் சேர்ந்தால் சொல்லவேண்டாம். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் நீங்கள் நேற்றுத்தான் குடிவந்தீர்கள் என்று பார்க்கமாட்டார்.

அடுப்பு விடயத்தில் அதிகம் சொல்ல இல்லை. காஸ் வை, கூடவே ஒரு மின்சார ரைஸ் குக்கரும் வை, முடிந்தால் பின்பக்கம் இரண்டு கல்லையும் விட்டு வை. 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சிலிண்டர் ரெகுலேட்டரும் குழாயும் பழசென்றால் முதல் நாளே மாற்றிவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

கடதாசி வேலையில்தான் ஆட்கள் பிழைவிடுகிறார்கள். சாமான் இறங்கும் அன்றே மின்மானியையும் தண்ணீர் மானியையும் தொலைபேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடவேண்டும். பழைய குடியிருந்தவரின் பில்லை நான் ஒரு தடவை கட்டியிருக்கிறேன். மின்சார சபைக்கு 1987, நீர் வழங்கல் சபைக்கு 1939, அம்புலன்சுக்கு 1990. மூன்றையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். அப்புறம் கிராம உத்தியோகத்தர். புது விலாசத்தில் பதிவதா, ஊரிலேயே பெயரை விட்டுவைப்பதா என்று பலர் யோசிப்பார்கள். தனி ஆளாக இருந்தால் ஆறுதலாகச் செய்யலாம். பிள்ளை இருந்தால் அப்படி இல்லை: அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்கு வதிவிடத்தை வைத்து விண்ணப்பிக்கும்போது கடந்த 5 வருட வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார்கள். மகளுக்கு அந்த 5 வருடமும் திருக்கோவிலில்தான் இருக்கிறது. மகனை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் அவள் பெயரை மாற்றவேண்டும். இது அலுமாரி மாதிரி இழுத்துத் திரும்பி வைக்கக்கூடிய சாமான் இல்லை.

தளபாடம் பற்றி ஒரு வார்த்தை. வந்த உற்சாகத்தில் தவணைக்குப் போர்ட் அலுமாரி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்திய மரத்தூளில் செய்த அந்தப் போர்ட் எங்கள் மாரியின் ஈரத்தில் அடியிலிருந்து பணிஸ் மாதிரி ஊதும். இரும்பு அலுமாரி கடற்கரை வீட்டில் மூலையில் துருப்பிடிக்கும், ஆனாலும் மணற்கடதாசி போட்டுத் தேய்த்துப் பெயின்ற் அடிக்கலாம். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய நல்ல மரக் கட்டிலும் நாலு பிளாஸ்டிக் கதிரையும் முதல் வருடத்துக்குப் போதும்.

நேற்று மகள் மறுபடி எடுத்தாள். சாவியை முன்கூட்டியே வாங்கி, ஒரு அறைக்கும் குசினிக்கும் வலை அடிக்கச் சொல்லிவிட்டாளாம். ஞாயிறு காலை பால் காய்ச்சுவது, பின்னேரத்துக்குள் குசினியும் கட்டிலும், மிச்சம் ஹோலின் நடுவில் கல்லில் ஏற்றிய பலகை மேல். மாமியாரும் சம்மதம், அக்காவும் சம்மதம். பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டுவிட்டாள்; தண்ணீர் கேற் வரைக்கும்தான் வருமாம், ஆனால் வடகிழக்கு மூலை ஒவ்வொரு வருடமும் ஊறுமாம்.

"மறுகா என்ன, அந்தச் சுவர்ல ஒண்டும் வைக்காத" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப சாமிப்படம்? அம்மா ஈசான மூலையிலதான் வைக்கணும் எண்டுறா. பால் காய்ச்ச முதல் சாமிப்படந்தானே சின்னம்மா உள்ளுக்குப் போகணும்?"

ஈசான மூலை என்றால் வடகிழக்கு. ஐந்து வீடு மாறியும் எனக்கு இது தோன்றவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னேன்: "ஒரு ஸ்டூல் போட்டு, சுவரில படாம ஒரு சாண் தள்ளி வை. தீபாவளிக்கு நான் வாறன், வந்து பாப்பம்."

"சரி சின்னம்மா. வரக்குள்ள உங்கட வீட்டு உரபேக் ரெண்டும் எடுத்துட்டு வாங்க."